ரிலீஸ் தேதி

"திண்டி ஆய்த்தா?"

காலைப் பலகாரம் ஆயிற்றா என்று கீழ்வீட்டு லிங்கம்மா தினமும் வாசலிலிருந்து கன்னடத்தில் கேட்பாள்.

"ஆய்த்து" என்பான் கௌரிசங்கர். ஆகியிருக்காது. பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மாடியேறுவான். பாலைக் காய்ச்சுவான். ஒரு டம்ளர் காபி. ஷேவிங். பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்வான். மண்டி மொஹல்லா சந்தில் ஹாரன்கள் ஆரம்பிக்கும் நேரத்தில் திரையில் அவனுடைய சினிமா ஸ்டூடியோ திறக்கும்.

அது ஒரு விளையாட்டு. அவன் பாடம் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் யாரோ ஃப்ளாப்பியில் கொடுத்தது. ஸ்டூடியோ முதலாளி நாம்தான். கதை வாங்கவேண்டும், டைரக்டரைப் பிடிக்கவேண்டும், கால்ஷீட்டுக்குக் கெஞ்சவேண்டும். விரல் நகம் அளவு மனிதர்கள் ஏணியும் விளக்குமாக ஓடுவார்கள். ஸ்பீக்கரில் கிளாப் அடிக்கும் சத்தம் கேட்கும்.

இன்று அவன் பின்னால் மாதவ் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருந்தது. அதில் தேய்க்கவேண்டிய துணிகள் கிடந்தன.

மாதவ், அவன் மனைவி சுஷ்மாவின் தம்பி. பெங்களூரில் இன்ஜினீயரிங் படிக்கிறான். சுஷ்மா இறந்துபோனபிறகு மாப்பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று பார்த்துவர அம்மா அனுப்பியிருந்தாள். இன்று ஊருக்குத் திரும்புகிறான்.

"ஹாஸ்டல்ல நாங்களும் இதை ஆடறோம் அத்திம்பேர். மெஸ்ஸுக்குக்கூடப் போகாம. ஆனா உங்கள மாதிரி ஆடி நான் பாத்ததில்ல."

"எப்படி?"

"படம் ரெடி. ரீரெக்கார்டிங் ஆச்சு. போஸ்டர் அடிச்சாச்சு. தினம் காலம்பற வந்து ரிலீஸை அடுத்த வாரத்துக்குத் தள்ளறேள். வட்டி ஏறறது. அதுக்காக எடிட்டிங் ரூமை வித்தேள். தோட்டத்தை வித்தேள். நேத்திக்கு கேமராவும் போயாச்சு. இப்ப ஸ்டூடியோல கேன்டீன் மட்டும்தான் நடக்கறது."

"கேன்டீன் லாபத்துல போறது."

மாதவ் சிரித்தான். கௌரிசங்கர் சிரிக்கவில்லை.

"எனக்கும் இதுமேல கோபம் வரும். நல்ல கதைன்னு எடுத்தா தியேட்டர்ல ஈ ஓட்டறா. குப்பைன்னு நெனச்சது ஓடறது. ஹீரோ பாதி ஷூட்டிங்ல கோச்சுண்டு கெளம்பிடறான். மழை வந்து செட்டை அடிச்சுண்டு போறது. ஆனா ரிலீஸ் அன்னிக்கு அந்தக் குட்டித் தியேட்டர் வாசல்ல க்யூ நிக்கும் பாருங்கோ, அதுக்குத்தானே இவ்வளவும். அதை மட்டும் பாக்கமாட்டேன்னா? படம் ஓடாதுன்னு பயமா?"

"இல்ல."

"பின்ன ஏன் சும்னே, காரணமே இல்லாம, தள்ளிண்டே போறேள்?"

திரையில் பேங்க் அனுப்பிய எச்சரிக்கை வந்து நின்றது. மாதவ் குனிந்து படித்தான்.

"போச்சு. இனிமே விக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இந்த வாரமும் தள்ளினேள்னா ஸ்டூடியோவைப் பூட்டிடுவான். ஆட்டம் முடிஞ்சுது. படம் பெட்டிக்குள்ளயே கெடக்கும்."

"கெடக்கட்டும்."

"ஒரே ஒரு படம் ஓடட்டுமே அத்திம்பேர். அதைப் பாத்துட்டு நான் நிம்மதியா ரயில் ஏறறேன்."

"ரயிலுக்கு நாழியாச்சு. குளிச்சிட்டு வரேன். ஸ்டேஷன்ல விடறேன்."

கௌரிசங்கர் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனான். உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மாதவ் திரையைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். வந்ததிலிருந்து அவன் பார்த்ததெல்லாம் தட்டில் மிச்சமாகும் சோறும், கேட்டதற்கு மட்டும் வரும் பதிலும்தான். இந்த வீட்டில் ஏதாவது ஒன்று ஜெயித்தால் தேவலை என்று தோன்றியது. மௌஸைப் பிடித்தான்.

ஈரத்தலையோடு கௌரிசங்கர் வெளியே வந்தபோது ஸ்பீக்கரில் கைதட்டல் கேட்டது.

"வாங்கோ, வந்து பாருங்கோ" என்றான் மாதவ். "ஹவுஸ்ஃபுல். க்யூ திரைக்கு வெளியவும் போறது. கடன் மொத்தமும் அடைஞ்சுடுத்து. கேமராவைத் திரும்ப வாங்கிட்டேன். உங்க ஸ்டூடியோ பொழைச்சுடுத்து அத்திம்பேர்."

கௌரிசங்கர் துண்டைப் பிடித்தபடி நின்றான்.

"பழையபடி கொண்டுவர முடியுமா?"

"எதுக்கு? கரன்ட் போயிடப்போறதேன்னு உடனே சேவ் பண்ணிட்டேன். பழசு மேலேயே." மாதவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "தப்பு பண்ணிட்டேனா?"

குட்டித் தியேட்டர் வாசலில் ஆட்கள் இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள். கௌரிசங்கர் சற்று நேரம் அவர்களைப் பார்த்தான்.

"இல்ல. நல்லா ஓடறது. நீ பையை எடு."

சந்து முனையில் மூட்டை இறக்கும் லாரி வழியை அடைத்திருந்தது. கௌரிசங்கர் ஸ்கூட்டரை அணைத்தான். பின்சீட்டில் மாதவ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அத்திம்பேர், அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னா. வந்ததுலேர்ந்து கேக்க எனக்கு வாய் வரல."

"கேளு."

"அக்காவை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோறப்போ நீங்கதானே பக்கத்துல இருந்தேள். கடைசியா அவ ஏதாவது சொன்னாளா?"

கௌரிசங்கர் லாரியையே பார்த்தான்.

"ஒண்ணும் சொல்லல. மயக்கத்துல இருந்தா."

லாரி நகர்ந்தது. அவன் ஸ்கூட்டரை உதைத்தான்.

அவள் மயக்கத்தில் இல்லை. ஸ்ட்ரெச்சரிலிருந்து கையை நீட்டி, அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, காதருகே சொன்னாள்: "நாம எடுத்த படத்தை நான் வர்றதுக்குள்ள ரிலீஸ் பண்ணிடாதீங்கோ. சேர்ந்து பாக்கணும்."