வருது

தோள்மூட்டு இரண்டும் கழன்று விழுந்துவிடும் போல வலித்தது.

அந்தோனிமுத்து, ஊருக்குத் தண்ணி ஏற்றி ஓட்டும் தன் வெறும் பவுசரின் நிழலில், சில்லோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நேற்றுப் பின்னேரத்திலிருந்து இருட்டும்வரை பச்சைக் கொப்பால் நெருப்பை அடித்த கை. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கவும் ஏலவில்லை.

எதிரே மைதானத்தில் பந்தல். பந்தலுக்குள் மேடை. வாசலிலிருந்து மேடைவரை சிவப்புக் கம்பளம். காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார்.

மாரி பொய்த்த வருசம். சிலாவத்துறையைச் சுற்றியுள்ள குளமெல்லாம் வெடித்துக் கிடந்தது. பத்தைக்காடு முழுக்கச் சருகு. எங்கேயோ விழுந்த பொறியைச் சோளகக் காற்று தூக்கிக்கொண்டு வந்து ஸீனத்தின் ஆட்டுப்பட்டியில் போட்டது.

பட்டி போனது. ஆடுகள் போயின. மிஞ்சியது காது கருகிய ஒரு மறி ஆடு.

அந்த மறியையும் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். படம் எடுக்க.

"என்ன, நெருப்போட சண்டை பிடிச்ச வீரனுக்கு ஒருத்தரும் மாலை போடேல்லையோ?"

பவுசர்களின் மேற்பார்வையாளர் கிறகரி கண்ணைச் சிமிட்டிவிட்டு நடந்தார். அந்தோனிமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

ஸீனத் ஆட்டைக் கயிற்றில் பிடித்தபடி அவனைத் தேடி வந்தாள். புருசன் இல்லாத மனுசி. அந்தப் பட்டிதான் அவளுக்குச் சோறு.

"அண்ணன், நீங்க வராட்டி இந்த ஒண்டும் மிஞ்சியிருக்காது. பவுசர்ல தண்ணி இல்லாமலும் அடியில கிடந்தத வழிச்சுக்கொண்டு ஓடி வந்தீங்க. அல்லாஹ் உங்கட பிள்ளையளுக்கு பரக்கத்தக் குடுக்கட்டும்."

"அதை விடுங்கோ தங்கச்சி."

அவன் ஆட்டின் கருகிய காதைப் பார்த்தான்.

தண்ணிக்கு 'இல்லை' என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஊற்று கேட்டுக்கொண்டு வற்றிவிடும். பவுசர் பழகித் தந்தவர் சொன்னது. கிணறு வற்றிய நாளிலும், வண்டி பழுதாகிக் கிடந்த நாளிலும், போனில் கோல் எடுத்தவர்களுக்கு அவன் சொன்னது ஒரே சொல்தான்: வருது. சனம் அவனுக்கு 'வருது' என்றே பட்டம் வைத்திருந்தது.

நேற்று மட்டும்தான் 'இல்லை' என்றான்.

ஸீனத் கத்திக்கொண்டு கோல் எடுத்தாள். பின்னால் ஆடுகளும் கத்தின. "தண்ணி இல்லை தங்கச்சி, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

ஒலிபெருக்கியில் அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஆட்டை இழுத்தபடி கம்பளத்தில் நடந்தாள்.

மேடைக்குக் கிட்டப் போனதும் ஆடு நின்றுவிட்டது.

கயிற்றை இழுத்தாள். அசையவில்லை. மூஞ்சியால் கம்பளத்தின் ஓரத்தைக் கிளப்பிவிட்டு, கீழே இருந்த மண்ணை நக்கத் தொடங்கியது. முன்னங்காலால் பறித்துப் பறித்து நக்கியது. சனம் சிரித்தது. படம் எடுக்கிறவன் ஓடிவந்து குந்தினான்.

ஸீனத்தும் குனிந்தாள். மண்ணை விரலால் தொட்டாள். விரலில் மண் ஒட்டியது. பெருவிரலால் உருட்டிப் பார்த்தாள்.

ஊரெல்லாம் தூசி பறக்க, பந்தலுக்குள் மட்டும் ஈரம்.

கம்பளத்தை இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை பார்த்தாள். பிறகு திரும்பிப் பவுசரைப் பார்த்தாள்.

நேற்று அவள் கோல் எடுத்தபோது அந்தோனிமுத்து கம்பளம் விரித்திருந்த அந்த இடத்தில்தான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியவர் வரும்போது தூசி பறக்கக் கூடாதென்று மேலிடத்துக் கட்டளை. பவுசரில் விளிம்புவரை தண்ணி. பக்கத்தில் கிறகரி நின்றார். "முடிஞ்சுது எண்டு சொல்லு" என்றார். சொன்னான். பந்தலுக்குள் ஒரு மூலை விடாமல் நனைத்த பிறகுதான், அடியில் கிடந்ததோடு அவளிடம் ஓடினான்.

கோயிலில் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமி கேட்பார், எடுத்ததைத் திருப்பிக் குடுத்தாயா என்று. மண் குடித்த தண்ணியை எங்கே பிழிந்து எடுப்பது?

மேடையில் பெரியவர் மைக்கைப் பிடித்து ஸீனத்தைக் காட்டினார். "புகையை விட்டவை பெரிய நாடுகள். வெந்து சாவது இந்தத் தாய். அவர்கள் எங்களுக்குக் கடன்பட்டவர்கள். அந்தக் கடனை வாங்காமல் விடமாட்டோம்."

பொய்யில்லை. சனம் கைதட்டியது. அந்தோனிமுத்தாலும் தட்டாமல் இருக்க முடியவில்லை. தோள் விண்ணென்று இழுத்தது.

ஸீனத்தின் கையில் ஒரு வேப்பங்கன்றைக் கொடுத்தார்கள். தண்ணி ஊற்றிக் கவனமாய் வளர்க்க வேண்டுமென்று ஒலிபெருக்கி சொன்னது.

அவள் ஒரு கையில் கன்றும் மறு கையில் ஆட்டுக் கயிறுமாய் நேரே பவுசரடிக்கு வந்தாள். ஏசுவாள் என்று நினைத்து எழும்பி நின்றான். ஏசினால் நல்லாயிருக்கும் என்றும் நினைத்தான்.

அவள் ஏசவில்லை. விரலில் ஒட்டியிருந்த மண் இன்னும் காயவில்லை.

"இதுக்கு ஊத்தத் தண்ணி எப்ப வரும் அண்ணன்?"

வாயைத் திறந்தான். எத்தனையோ வருசமாய்ச் சொல்லிப் பழகிய 'வருது' மட்டும் வரவில்லை.

பெரிய நாடுகள் பட்ட கடன் எவ்வளவென்று அவனுக்குத் தெரியாது. ஸீனத்துக்கு அவன் பட்டது ஒரு பவுசர் தண்ணி.