மெம்பரின் பலகை

"மைனி, இன்னைக்கும் எழுதியிருக்கு! ஓடி வாங்க!"

வேலிக்கு அப்புறம் நின்று பக்கத்து வீட்டு ஜெஸி கூவியதும், விலாசினியின் கையிலிருந்த மரச்சீனிக் கிழங்கு நழுவிச் சட்டிக்குள் விழுந்தது. ஈரக்கையோடு ஓடினாள்.

காரோட்டு முக்கில், சாயக்கடைக்கு எதிரே நின்ற பலாமரத்தில் அந்தக் கரும்பலகை தொங்கியது. பாதி ஊர் அதன் முன்னால் கூடியிருந்தது. பஞ்சாயத்துத் தேர்தலில் ஜெயித்த மறுநாளே அவள் புருஷன் செல்லசாமி மாட்டிய பலகை அது. வார்டு ஜனங்களுக்கு வேண்டிய சேதியெல்லாம் விடிவதற்குள் அதில் எழுதிவிடுவான்.

இப்போது அவன் ஊரில் இல்லை. தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் நடத்தியதற்காக வாரண்டு பிறந்து, இருபது நாளாகத் தலைமறைவு. எங்கே இருக்கிறான் என்று விலாசினிக்கே தெரியாது. ஆனால் பலகையில் எழுத்து மட்டும் ஒருநாள்கூடத் தவறவில்லை.

ஜெஸி உரக்க வாசித்தாள்.

"வியாழக்கிழமை மிஷன் பள்ளிக்கூடத்தில் காலரா ஊசி போடுவார்கள், பிள்ளைகளைக் கொண்டு வரவும். ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்துவிட்டது. பிடிபட்டவர்களை ஜாமீனில் எடுக்க வக்கீல் நாளை அமரவிளைக்கு வருகிறார். இன்று மத்தியானம் கிழக்குத் தெருவில் போலீஸ் சோதனை. இப்படிக்கு, மெம்பர் செல்லசாமி."

இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. முடிவில் வால் சுழித்த கையெழுத்து. அவனுடையதேதான்.

"இது மனுசனா, காத்தா?" தையல்கார நேசையன் பிளந்த வாயை மூடவில்லை. "ராத்திரி பூரா இங்க காவல் கெடக்கு. எந்த வழியா வந்து எழுதிட்டுப் போறாரு?"

"வாறது கெடக்கட்டும்வே. சோதனை உண்டுன்னு போலீசுக்கே இப்பதான் தெரியும். இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் பெரியவர் பொன்னப்பன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

"என்னடே அவிட எழுதியிருக்கு?"

சாயக்கடையிலிருந்து கிருஷ்ணன்குட்டியின் குரல். தேர்தலில் செல்லசாமியிடம் பதினோரு ஓட்டில் தோற்றவன். இந்த மண் கேரளத்தோடுதான் இருக்க வேண்டும் என்று மேடை ஏறிப் பேசுகிறவன். காவலுக்கு வந்த போலீஸ்காரர்களுக்குச் சாயையும் படுக்கப் பெஞ்சும் கொடுப்பதும் அவன்தான்.

"எனக்குத் தமிழு வாசிக்க அறிஞ்சூடா, ஒரு எழுத்தும் தெரியாது. ஒருக்காகூட வாசி பெண்ணே."

"தோத்த ஆளுக்கு மெம்பர் சேதி எதுக்காக்கும்?" என்றாள் ஜெஸி. "நீரு சாயையை ஆத்தும்."

கிருஷ்ணன்குட்டி சிரித்துக்கொண்டே பெஞ்சிலிருந்த போலீஸ்காரர் பக்கம் திரும்பினான். "ஏமானே, இன்னைக்கு ராத்திரியும் காவலுக்கு நான் கூட இருக்கேன். அவன் என் கையிலதான் மாட்டுவான், பாத்துக்கிடும்!"

நேசையன் காறித் துப்பினார்.

போலீஸ்காரர் எழுந்து நேரே விலாசினியிடம் வந்தார். "ஒம் மாப்பிளைகிட்ட சொல்லி வை. இனி அந்தப் பலகைப் பக்கம் கண்டா, முட்டுக்குக் கீழே கால் இருக்காது."

அன்று முழுக்க அவளுக்கு உலையில் மனம் ஓடவில்லை. ஊரெல்லாம் அவனைச் சாமி மாதிரி பேசுகிறது. சாமிக்குக் கால் முறிந்தால் யார் தாங்குவது? பலகை இருந்தால்தானே வந்து எழுதுவான்? அதையே அழித்து, கழற்றி, அடுப்பில் வைத்துவிட்டால்?

மறுநாள் கோழி கூவியதும் ஈரத்துணியோடு கிளம்பினாள். மார்கழிப் பனி முக்கை மூடிக் கிடந்தது. சாயக்கடைக்குள் அடுப்பு எரிந்தது. வாசலில் போலீஸ்காரரின் பூட்ஸ் மட்டும் இருந்தது.

பலாமரத்தடியில் ஓர் உருவம். தலைவழியே கறுப்புக் கம்பளி. கை பலகையில் ஓடிக்கொண்டிருந்தது.

பாய்ந்துபோய் அந்தக் கையைப் பிடித்தாள். "போதும்! ஊரு எப்படியும் போகட்டு. ஒங்களுக்குக் காலு வேண்டாமா? ஓடிருங்க!"

உருவம் திரும்பவில்லை. சாக்பீஸையும் விடவில்லை.

"ஆரடா அவிட?" கடைக்குள்ளிருந்து போலீஸ்காரரின் குரல்.

கம்பளிக்குள்ளிருந்து பதில் முழங்கியது:

"நானாக்கும் ஏமானே, கிருஷ்ணன்குட்டி! இவிட ஒரு பட்டியும் வந்து குரைக்கல்ல. ஏமான் இருந்து சாய குடியும்!"

அவள் பிடி தானாகத் தளர்ந்தது. அவன் குரல் தாழ்ந்தது, நல்ல தமிழில்.

"செல்லசாமி பணகுடியில சொகமா இருக்கான் தங்கச்சி. ஆரல்வாய்மொழி எல்லை தாண்டுறது வரைக்கும் நான்தான் சைக்கிள்ல வச்சுக் கொண்டுவிட்டேன். ஒங்கிட்ட சொல்லியிருந்தா, ஒம் மொகமே போலீசுக்குக் காட்டிக் குடுத்திரும்."

"அவ்வோ கையெழுத்து உமக்கு எப்படி..."

"ஒரே ஆசான், ஒரே மணலுலதான் ரெண்டுபேரும் எழுதிப் படிச்சோம். அடி மட்டும் எனக்குக் கூடுதல்."

மீதியிருந்த ஒரு வரியையும் எழுதி முடித்தான். 'இப்படிக்கு, மெம்பர் செல்லசாமி.' வாலைச் சுழித்தான். சாக்பீஸை மடியில் செருகிக்கொண்டு கடைப்பக்கம் நடந்தவன், திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

"விடிஞ்ச பொறவு நீயே வந்து ஒரக்க வாசிச்சுச் சொல்லு மக்கா. எனக்குத்தான் தமிழு அறிஞ்சூடாதே!"