சின்ன எழுத்தில் ஒரு பெயர்

நியூகாசிலில் சுரங்க லாரிகளின் பிரேக் கருவிக்கு நிரல் எழுதுபவர்கள் நாங்கள். மேக்ரோ என்பது நிரலில் நாம் வைக்கும் ஒரு சொல். அதைக் கண்ட இடமெல்லாம் கணினி அழித்துவிட்டு, நாம் சொன்னதை வைத்துவிடும். அதனால் வேறு எதுவும் தவறி அழியாதபடி அதற்கு நீளமாக, ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் பெயர் வைக்க வேண்டும் என்று கிளைவ் வாரக்கணக்கில் வாதாடினான்.

எங்கள் தலைவர் ரஸ்ஸலுக்கு எரிச்சல். எல்லோர் முன்னாலும் சின்ன எழுத்தில் கிளைவ் என்றே ஒரு மேக்ரோ எழுதி, அதற்குப் பூஜ்யம் என்று மதிப்பு வைத்தார்.

"இனிமே உன் பேர் எங்க வந்தாலும் முட்டைதான்டா!"

விழுந்து விழுந்து சிரித்தோம்.

மறுநாள் கிளைவின் அடையாள அட்டையில் பெயர் இருந்த இடத்தில் 0 இருந்தது. ஓட்டுநர் உரிமத்திலும் அப்படியே.

"போதும் ரஸ்ஸல், எடுத்துடுங்க" என்று கெஞ்சினான். ரஸ்ஸல் அந்த வரியை நீக்கினார். அட்டை மாறவில்லை.

மாலையில் அவன் மனைவி ஜோவன் காரில் வந்தாள். கிளைவ் ஓடிப்போய் முன்கண்ணாடியை அறைந்தான். அவள் அவனைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"எதுக்கு வந்தேன்னே தெரியல. யாரையாவது கூட்டிட்டுப் போகணுமா?"

ரஸ்ஸல் என்னையே பார்த்தபடி என் பக்கத்தில் நின்றார்.

"யாருமில்ல, ஜோவன்" என்றேன்.

கண்ணாடியில் ஈரமாக ஒரு கைத்தடம் பதிந்திருந்தது. அவள் வைப்பரைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.