ஈரத்தைத் துடைச்சுட்டு வா

மடக்குச் சவரக்கத்தி ஒன்றை அதன் கொம்புப் பிடி வருஷக்கணக்காகத் திறக்காமலே வைத்திருந்தது. பக்கத்துக் கத்தியைப் புதுசாக்குகிறேன் என்று யாரோ சாணைச் சக்கரத்தில் கொடுத்ததில் பாதி உடம்போடு அதில் வெட்டியிருந்த பெயரும் போனதைப் பிடி கண்ணால் பார்த்திருந்தது.

ஒருநாள் சாணைக்கல் கூப்பிட்டது. "பிள்ளையைக் கொஞ்சம் வெளியே விடு, தாயே."

"மாட்டேன். என்கிட்ட இருந்தாத்தான் பத்திரம்."

"அம்மா, உள்ளே ஒரே ஈரம். உடம்பெல்லாம் அரிக்குது" என்றது கத்தி.

பிடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. திறந்து பார்த்தால், அது இறுக்கி அணைத்த இடத்திலேயே சிவப்பாகத் துரு.

"இந்தத் துரு கூர் விளிம்பைத் தொட்டா கத்தி போச்சு" என்றது கல்.

"ஐயோ, எடுத்துடு! ஆனா பிள்ளை உடம்புல வெட்டியிருக்கிற பெயர்? அந்தக் கறுப்புத் தழும்பு?"

"கறுப்பு வயசோட வந்தது, அது பாட்டுக்கு இருக்கட்டும். தின்னுறது சிவப்புதான். அதை மட்டும் எடுக்கிறேன். நீயும் கூடவே இரு."

பிடி கண்ணை இறுக மூடிக்கொண்டது. திறந்தபோது பெயரும் தழும்பும் அப்படியே இருந்தன. கூர் மட்டும் மின்னியது. எதிரே நுரை பூசிய கன்னம் ஒன்று காத்திருந்தது.

"வேலை முடிஞ்சா என்கிட்டதானே மடங்குவே?"

"வேற எங்கம்மா போவேன்?"

"சரி, சரி. ஈரத்தைத் துடைச்சுட்டு வா" என்றது பிடி.