ராயபுரத்து ஒழுகல் வீடு

வீடு வாங்க வருகிறவரை விரட்டிவிட்டால், வாடகைக்கு இருக்கும் தாம் காலி செய்ய வேண்டியிராது என்று லோகநாதன் குழாயை லேசாகத் தளர்த்தினார். அதுவோ பிய்த்துக்கொண்டு அவரையே குளிப்பாட்டியது.

அந்நேரம் பார்த்து, வீடு பார்க்க அத்தாவுல்லா பாய் உள்ளே வந்தார்.

"பாத்தீங்களா பாய், குழா லட்சணத்தை! சுவிச்சத் தொட்டா ஷாக்கு அடிக்குது."

"அப்புறம்?"

"ஒயர் மேல சுத்தின துணியெல்லாம் நைஞ்சி தொங்குது. மழை வந்தா வூட்டுக்குள்ள கொட புடிக்கணும்."

குழாய்க்குப் பிறகு பொய்யே தேவைப்படவில்லை; மற்றதெல்லாம் நிஜக் கோளாறுகள். ஆனால் பாயின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று.

லோகநாதனுக்குப் பொறுக்கவில்லை. "வாங்குவீங்களா, மாட்டீங்களா? பட்டுனு சொல்லுங்க பாய்!"

"நேத்தே வாங்கிட்டேன் நைனா. இன்னா கோளாறுன்னு வித்தவன் வாயே தொறக்கல, நீதான் புட்டுப் புட்டு வெச்சே. நாளைக்கே ஆளுங்க வந்து சரி பண்ணுவாங்க. நீ எங்கியும் போவ வாணாம்."