நூல் ஏறாத ஊசி

"பொண்ணு பம்பாய்ல என்ன வேலை பாக்குறா?"

மகன் சவரியைக் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க மொரப்பூரிலிருந்து வந்திருந்த லூர்தம்மாள் கேட்டார்.

"லேசர் ஆராய்ச்சிக்கூடத்துலங்க. கண்ணாடி உருண்டை செய்யறேன்," என்றாள் பாக்கியமேரி.

"பாசிமணியா?"

"இல்லீங்க. கடுகைவிடப் பொடிசு. உள்ள வாயுவை அடைச்சு, சுத்தியிருந்து லேசர் அடிப்பாங்க. அது நசுங்கிச் சூடாகி, சூரியன்ல நடக்கறது அதுலயும் நடக்குதான்னு பாக்கறாங்க. ஓடு எல்லாப் பக்கமும் ஒரே கனமா இருக்கணும். மைக்ரோஸ்கோப்ல பாத்துப் பொறுக்கி, முடியைவிட மெல்லிசான இழை நுனியில ஒட்டுவேன். மூச்சு பட்டாலே பறந்துடும்."

அம்மா மதலேனம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

லூர்தம்மாளின் முகம் சுருங்கியது. "பொழுதன்னிக்கும் உத்துப் பாத்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்? எங்க, ஒரு ஊசியில நூல் கோத்துக் காட்டட்டும்."

இதென்ன பிரமாதம் என்று மதலேனம்மாளே ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பாக்கியமேரி நூலை எச்சில் தொட்டு முறுக்கினாள். கண்ணை இடுக்கிப் பார்த்தாள். நூல் காதுக்கு வெளியே போனது. மறுபடி முயன்றாள். ஊசியே கீழே விழுந்தது. தரையைத் தடவித் தேடினாள்.

"போதும்மா," என்று எழுந்துவிட்டார் லூர்தம்மாள். "கண்ணு தெரியாத மருமகளை வெச்சு நான் என்ன பண்ணட்டும்? சவரி, கிளம்புடா."

அவர்கள் பஸ் ஏறியதும், அப்பா வியாகுலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தக்காளித் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மதலேனம்மாள் மகளை உள்ளே இழுத்துப் போனாள்.

"நேத்து விளக்கு வெளிச்சத்துல என் ரவிக்கைக்குக் கொக்கி தெச்சவ நீ! வேணும்னே பண்ணியிருக்க. பம்பாய்ல எவனையாச்சும் பாத்து வெச்சிருக்கியா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லம்மா."

"அப்ப சவரியைப் புடிக்கலியா?"

"புடிச்சுதும்மா. ரொம்பவே புடிச்சுது."

"பின்ன என்னடி கேடு?"

"காலையில கோயில்ல பூசை முடிஞ்சு எங்கிட்டத் தனியாப் பேசுனாரில்ல? வேறொரு பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்காராம். இந்தச் சம்பந்தம் வேணாம்னு சொன்னா மருந்து குடிச்சிருவேங்கறாங்களாம் அவுங்கம்மா. சொல்லும்போதே அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. நான் மாட்டேன்னா நம்ம அப்பா விடுவாரா? அதான், அவுங்கம்மா வாயாலயே வேணாம்னு வர வெச்சேன்."