உதைக்காத துப்பாக்கி

"தையல் மெஷினைப் பிரிச்சுப் போடுற உனக்கு ஏர்கன்னைப் பத்தி என்னடி தெரியும்?"

துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேரட்டுமா என்று தங்கை கேட்டதற்கு அண்ணன் திருப்பிக் கேட்ட கேள்வி இது.

"என் துப்பாக்கி சுடும்போதெல்லாம் தோள்ல உதைக்குது. அதைச் சரிபண்ணிக் காட்டு. அப்புறம் வேலைக்குப் போ."

மொட்டைமாடித் திராட்சைக் கொடிக்கு அண்ணன்தான் காவல். அவன் சுட்டால் காக்கைக் கூட்டமே அலறிப் பறக்கும். "நம்ம குறி அப்படி!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான்.

அவள் துப்பாக்கியைப் பிரித்தாள். உள்ளே ஸ்பிரிங் லொடலொடவென்று ஆடியது. அதற்கு இறுக்கமாக ஓர் உறை போட்டு, அளவாக கிரீஸ் தடவிப் பூட்டினாள்.

மறுநாள் தங்கையும் அண்ணியும் பார்த்திருக்க, அண்ணன் மாடியில் நின்று சுட்டான். வழக்கமாக 'டணார்' என்று அதிரும் துப்பாக்கி, 'தப்' என்றது.

"பலே! உதைக்கவே இல்ல, பூ மாதிரி இருக்கே!" என்றான்.

காக்கைகள் அசையவில்லை. மறுபடியும் சுட்டான். ஒரு காக்கை மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த திராட்சையைக் கொத்தியது.

அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்போ இத்தனை நாளும் அதுங்க பறந்தது சத்தத்துக்குத்தானா? நாத்தனாரே, நீ நாளைக்கே வேலைக்குக் கிளம்பு!"

அண்ணன் துப்பாக்கியைத் தங்கையின் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.